பதினேழாம் கேள்வி

1. எல்லா வியாழனும்

சமீரா தொலைபேசியில் கூப்பிட்டபோது நான் நனைந்த சப்பாத்தைக் கழற்றிவிட்டு, உள்ளே போடும் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். திங்கட்கிழமை காலை. எஸ்-பான் ரயில் பிந்தி வந்த கோபம் வேறு.

“மகன்ர வியாழக்கிழமை டெர்மினை நிப்பாட்டிவிடுங்கோ,” என்றார்.

“இந்தக் கிழமை மட்டுமோ?”

“எல்லா வியாழனும்.”

சமீரா சிரியாவிலிருந்து வந்தவர். மகன் யாமெனுக்கு நாலு வயது. ஓட்டிசம் உள்ள பிள்ளை. பிராங்பேர்ட்டில் நான் வேலை பார்த்த சிறுவர் வளர்ச்சி மருத்துவமனையில் வியாழன்தோறும் காலை பத்து மணிக்கு அவனுக்குப் பேச்சுப் பயிற்சி; அந்த நேரப்பதிவைத்தான் டெர்மின் என்றார். ஒரு சொல்லும் இல்லாமல் வந்தவன் அந்த மாதம்தான் ‘தா’, ‘போதும்’ என்று இரண்டு சொல் சொல்லத் தொடங்கியிருந்தான். அந்த இடம் கிடைக்க அவர்கள் ஒரு வருடத்துக்கு மேல் காத்திருந்தார்கள்.

“ஏன், என்ன நடந்தது?”

“போன கிழமைக் கூட்டத்தில நீங்கள்தானே சொன்னீங்கள், சொந்தத்துக்குள்ள கட்டினால் இது வாற வாய்ப்புக் கூட எண்டு. நான் என்ர சித்தப்பான்ர மகனைக் கட்டினனான். இரத்தத்தில இருக்கிறதுக்குப் பயிற்சி என்ன செய்யும்? தேவைப்படுற பிள்ளைக்கு இடத்தைக் குடுங்கோ.”

நான் வாய் திறக்க முன் வைத்துவிட்டார்.

அவர் பேசியது ஜேர்மன். இந்தக் குறிப்பில் ஜேர்மன் பேசியவர்கள் எல்லாரையும் யாழ்ப்பாணத் தமிழில்தான் பேசவைக்கப் போகிறேன். முப்பத்தைந்து வருடம் இங்கே இருந்தும் என் மனதுக்குள் எல்லாரும் அப்படித்தான் பேசுகிறார்கள்.

என் வேலைக்கு ஜேர்மனில் ஒரு முழ நீளத்துக்குப் பெயர் உண்டு. சுருக்கமாகச் சொன்னால், மருத்துவ ஆய்வுகளுக்கு வரும் படிவங்களைச் சரிபார்ப்பது, கணினியில் ஏற்றுவது, பிழை பிடிப்பது. முதல் ஆறு வருடம் அதே மருத்துவமனையில் தரை துடைத்தேன். பிறகு ஆவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சி முடித்து அதே கட்டிடத்தில் மேசைக்கு வந்தேன். அதனால் அங்கே எந்த அலுமாரியில் எது இருக்கும் என்று பேராசிரியையைவிட எனக்கு நன்றாகத் தெரியும்.

சமீராவின் டெர்மினை நான் நிறுத்தவில்லை. ‘எழுத்தில் அறிவித்தல் வரவில்லை’ என்று பதிவில் போட்டேன். ஜேர்மனியில் எழுத்தில் வராதது நடந்ததாகாது. ஆனால் பிள்ளை வராமலே இருந்தால் காலாண்டு முடிய அந்த இடம் தானாகவே அடுத்தவருக்குப் போய்விடும். இரண்டு மாதமும் கொஞ்சமும் இருந்தது.

2. அண்ணனைக் கட்டலாமா?

அந்தக் கூட்டத்தில் என்ன சொன்னோம் என்பதை விளங்கவைக்க, கொஞ்சம் பின்னால் போகவேண்டும்.

எங்கள் பேராசிரியை லேமன் இரண்டு வருடமாக ஓர் ஆய்வு நடத்திக்கொண்டிருந்தார். அரபு நாடுகளில் சிறுவர் ஓட்டிசம் எவ்வளவு பரவியிருக்கிறது, அதற்கான வாய்ப்பைக் கூட்டுகிறவை எவை என்பதுதான் விஷயம். முதல் பாதி, ஏற்கெனவே வந்த ஆய்வுக் கட்டுரைகளைச் சேர்த்து அட்டவணை போடுவது. இரண்டாம் பாதி, அந்த நாடுகளிலிருந்து வந்து எங்கள் சுற்றுவட்டாரத்தில் இருக்கும் குடும்பங்களிடம் கேட்டுப் பார்ப்பது.

அட்டவணை என் பொறுப்பு. புள்ளிவிவரம் கார்த்திக்கின் பொறுப்பு. அவர் மதுரைக்காரர், ‘ஆட்டிசம்’ என்பார், நான் ‘ஓட்டிசம்’ என்பேன், இரண்டு பேரும் விட்டுக்கொடுத்ததில்லை. அரபு மொழிக்கு நூர் என்ற பெண். சூடானில் மருத்துவம் படித்துவிட்டு இங்கே பட்டம் அங்கீகரிக்கப்படும்வரை எங்களோடு வேலை செய்துகொண்டிருந்தார்.

கட்டுரைகளைப் படிக்கப் படிக்கத் தலை சுற்றியது. ஒரு நாட்டில் ஓட்டிசம் இல்லையென்றே சொல்லலாம். பக்கத்து நாட்டில் பல மடங்கு. நான் இதென்ன எல்லை தாண்டாத நோய் என்று கேட்டேன்.

நூர் சிரித்தார். “எங்கட பக்கத்தில இதைக் கண்டுபிடிக்கிற டொக்டரே நாலைஞ்சு பேர்தான். தாய்மார் பிள்ளையை ஆருக்குக் காட்டுறது? காட்டாத பிள்ளையை ஆர் எண்ணுறது?”

“கவுன்ட் பண்ற இடத்துலதான்க்கா நம்பர் இருக்கும்,” என்றார் கார்த்திக். “ஒரு ஊர்ல கிளினிக் திறந்தா அடுத்த வருஷம் அங்க கேஸ் ஏறும். வியாதி ஏறுச்சுன்னு அர்த்தம் இல்ல.”

இந்தத் தொழிலுக்கு வரும் இளையவர்கள் இந்த ஒன்றையாவது மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். ஓர் எண்ணைப் பார்த்தால் யார் எண்ணினார்கள், எங்கே நின்று எண்ணினார்கள் என்று முதலில் கேளுங்கள்.

காரணங்கள் பகுதியிலும் அதே இழுபறிதான். பெற்றோரின் வயது, குறைமாதப் பிறப்பு, குடும்பத்தில் ஏற்கெனவே ஓட்டிசம் இருப்பது என்று பல திரும்பத் திரும்ப வந்தன. நெருங்கிய சொந்தத்துக்குள் திருமணம் என்பதும் வந்தது. சிலர் தொடர்பு உண்டு என்றார்கள், சிலர் இல்லை என்றார்கள்.

அந்தப் பத்தியை அட்டவணையில் ஏற்றும்போதுதான் அங்கே அதிகமானோர் தகப்பனின் சகோதரர் மகனைக் கட்டுகிறார்கள் என்று கண்டேன். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“சித்தப்பான்ர மகன் எண்டால் அண்ணன் தம்பியெல்லோ,” என்று நூரிடம் கேட்டேன். “அண்ணனை ஆரும் கட்டுவினமோ?”

“அப்ப நீங்கள் ஆரைக் கட்டுவீங்கள்?”

“மாமான்ர மகனை. அம்மான்ர தம்பி மகன். அவர் மச்சான். நானே என்ர மச்சானைத்தான் கட்டினனான்.”

நூர் கதிரையில் சாய்ந்து கண்ணீர் வரச் சிரித்தார். “அக்கா, டொக்டருக்கு ரெண்டும் ஒண்டுதான்.”

அதுவரை சொந்தத்துக்குள் கட்டுகிறவர்கள் என்றால் யாரோ வேறு ஆட்கள் என்றுதான் நினைத்து அட்டவணை நிரப்பிக்கொண்டிருந்திருக்கிறேன்.

பிறகு எங்கள் சொந்த ஆய்வின் முடிவு வந்தது. ஓட்டிசம் உள்ள பிள்ளைகளின் குடும்பங்கள் ஒரு பக்கம், ஓட்டிசம் இல்லாத பிள்ளைகளின் குடும்பங்கள் மறுபக்கம். பதினேழாம் கேள்வி: ‘நீங்களும் உங்கள் வாழ்க்கைத் துணையும் இரத்த உறவா?’ முதல் பக்கத்தில் ‘ஆம்’ குவிந்திருந்தது. மறுபக்கத்தில் மிகக் குறைவு. பேராசிரியை துள்ளாத குறை. பெற்றோர் கூட்டத்தில் அறிவித்தார். ஜேர்மனிலும் அரபியிலும் துண்டுப் பிரசுரம் அச்சுக்குத் தயாரானது. கூட்டத்தில் கைதட்டியவர்களில் நானும் ஒருத்தி. அதைச் சொல்லாமல் விட்டால் இது பொய்க் கதையாகிவிடும்.

3. அடித்துத் திருத்திய கட்டங்கள்

சமீரா பேசிய அன்று மத்தியானம் சாப்பிடப் போகவில்லை. நான் நிலவறைக்குப் போய்ப் படிவப் பெட்டிகளை எடுத்துவந்தேன். எதைத் தேடுகிறேன் என்று எனக்கே தெரியாது. மனக்குறை என்றால் எனக்குக் கடதாசியைப் பிரட்ட வேண்டும். சிலருக்குச் சமைக்க வேண்டும்போல.

முதல் பக்கத்துக் குடும்பங்களின் கோவைகள் தடிப்பாக இருந்தன. டொக்டர் ஒரு மணித்தியாலம் தாயோடு இருந்து, பாட்டன் பூட்டன்வரை கேட்டு, கையால் வம்சப் படம் கீறியிருந்தார். யார் யாருக்கு என்ன உறவு என்று அதில் ஒளிக்க முடியாது.

மறுபக்கத்துக் குடும்பங்களுக்கு நாங்கள் படிவத்தைத் தபாலில் அனுப்பியிருந்தோம். அரச அலுவலகங்கள் அனுப்புவதைப் போலவே ஜன்னல் வைத்த கடித உறை, மேலே மருத்துவமனை முத்திரை, உள்ளே நான்கு பக்கக் கேள்வி. அரபியிலும் அச்சடித்திருந்தோம், அதில் குறையில்லை. நிரப்பித் திருப்பி அனுப்பியதை இயந்திரம் வாசித்தது. இயந்திரம் புள்ளடி என்கிற பெருக்கல் குறி எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று மட்டும் பார்க்கும். நானும் அதுவரை திரையில்தான் பார்த்தேன்.

இப்போது மூலப் படிவங்களைப் பார்த்தேன். மூன்றாவது படிவத்தில் பதினேழாம் கேள்விக்கு ‘ஆம்’ என்று புள்ளடி போட்டு, அதை அடித்து, ‘இல்லை’ என்று மாற்றியிருந்தார்கள். திருத்தத்துக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு கையெழுத்து, திகதி. ஏழாவதிலும் அதே. பிறகு இன்னொன்று. வேறு எந்தக் கேள்வியிலும் இப்படி இல்லை. பிள்ளையின் நிறையைப் பிழையாக எழுதியவர்கள் சும்மா வெட்டிவிட்டு மேலே எழுதியிருந்தார்கள்.

திருத்தத்துக்குப் பக்கத்தில் கையெழுத்தும் திகதியும் வைக்க யாருக்குத் தோன்றும்? ஒவ்வொரு திருத்தத்துக்கும் கையெழுத்துக் கேட்கிற வெளிநாட்டவர் அலுவலகத்தில் வரிசையில் நின்றவர்களுக்குத் தோன்றும். அவர்கள் எங்கள் படிவத்தையும் அந்த அலுவலகப் படிவமென்றுதான் நினைத்திருக்கிறார்கள்.

எனக்கு உடனே விளங்கியதற்குக் காரணம் உண்டு. அதே பிழையை நானும் விட்டவள். என் கணவர் சிவம் அகதியாக முன்னே வந்துவிட்டார். நான் பின்னே கொழும்பில் இருந்து விண்ணப்பித்தேன். அன்ட்ராக் என்கிற விண்ணப்பப் படிவம் ஒன்றில் கணவர் உங்கள் உறவினரா என்று ஒரு கேள்வி. உண்மையை எழுதப் போனேன். பக்கத்தில் நின்று படிவம் நிரப்பிக் கொடுக்கிற ஆள் என் கையைப் பிடித்தார்.

“தங்கச்சி, சொந்தமெண்டு போடாதையுங்கோ. கூட்டிக்கொண்டு போறதுக்காகக் கட்டின கள்ளக் கலியாணமெண்டு நினைப்பாங்கள். பிறகு வருசக்கணக்கா இழுபடும்.”

நான் ‘இல்லை’ என்று போட்டேன். என் மாமாவின் மகனை எனக்கு யாரோ ஆக்கினேன். அதற்குப் பிறகு எந்த ஜேர்மன் கடதாசியிலும் அந்தக் கேள்விக்கு நான் ‘ஆம்’ என்று எழுதியதில்லை.

4. வீட்டில்

பேராசிரியைக்கு இதை எப்படிச் சொல்வது? படிவத்தில் பொய் எழுதினேன் என்று பிழை பிடிக்கிற வேலையில் இருப்பவள் எப்படிச் சொல்வாள்? சிவத்திடம் கேட்டேன்.

“உனக்கு ஓய்வுக்கு ஒண்டரை வருசம் கிடக்கு,” என்றார். “சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுக்கிறது எண்டுறது இதைத்தான்.”

“அந்தப் பிள்ளை கதைக்கத் தொடங்கினவனப்பா. ரெண்டு சொல்லோட நிண்டுபோகும்.”

அவர் எழுந்து என் உடுப்பு அலுமாரியைத் திறந்தார். பிறகு, “நாளைக்கு நல்ல சேட்டாப் பார்த்துப் போட்டுக்கொண்டு போ. குற்றத்தை ஒப்புக்கொள்ளேக்க ஆள் வடிவா இருக்கவேணும்,” என்றார். இந்த மனுஷன் என் மச்சான் என்பதை ஒளித்ததற்கு அன்றைக்குத்தான் எனக்கு உண்மையில் வெட்கமாக இருந்தது.

5. பேராசிரியையின் அறை

அறையில் கார்த்திக்கும் இருந்தார். அடித்துத் திருத்தியிருந்த படிவங்களை மேசையில் பரப்பினேன்.

பேராசிரியை ஒவ்வொன்றாகப் பார்த்தார். “இது கொஞ்சப் படிவம்தானே. மிச்சப் பேர் திருத்தாமலே ‘இல்லை’ எண்டு போட்டிருக்கினம். அவையும் ஒளிச்சவை எண்டு எப்பிடிச் சொல்லுறீங்கள்? ஊகம் தரவாகாது.”

“திருத்தினவை பிந்தி யோசிச்சவை. மற்றவை முந்தியே யோசிச்சவை,” என்றேன்.

“அதுக்கு ஆதாரம்?”

“நான்தான் ஆதாரம்.”

சொன்னேன். கொழும்பு, அன்ட்ராக், கையைப் பிடித்த ஆள் எல்லாவற்றையும் சொன்னேன். கார்த்திக் என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தார், பாவம்.

பேராசிரியை கோபக்காரி. ஆனால் நேர்மையானவர். கோபக்காரருக்கு அது அமைந்துவிட்டால் அவர்களோடு வேலை செய்யலாம். “கார்த்திக், நீங்கள் என்ன சொல்லுறீங்கள்?” என்று கேட்டார்.

அவர் எனக்குப் பக்கத்தில் வந்து நின்று ஜேர்மனில் பதில் சொன்னார். பிறகு என்னிடம் தமிழில் சொன்னது இது: “ஒரு குரூப்ப உக்கார வச்சு மணிக்கணக்கா கேட்டிருக்கோம். இன்னொரு குரூப்புக்கு லெட்டர் போட்டிருக்கோம். ரெண்டையும் கம்பேர் பண்ணவே கூடாதுக்கா. நான்தான் முதல்லயே பிடிச்சிருக்கணும்.”

பேராசிரியை தொலைபேசியை எடுத்து அச்சகத்துக்கு அழைத்துப் பிரசுரத்தை நிறுத்தினார். வைத்துவிட்டு, “ரெண்டு பக்கத்தாரிட்டையும் திரும்பக் கேக்கவேணும். ஒரே மாதிரி. ஆறு கிழமை தாறன்,” என்றார்.

என் குற்ற ஒப்புதலைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. கதவடியில் மட்டும், “இது முப்பது வருசத்துக்கு மேலான கதை. என்னிட்ட அதுக்குப் படிவம் இல்லை,” என்றார்.

6. ஆறு கிழமை

கேட்பவருக்கு எந்தப் பக்கத்துக் குடும்பம் என்று தெரியக்கூடாது என்பது கார்த்திக்கின் நிபந்தனை. தெரிந்தால் கேள்வியின் தொனி மாறிவிடும். எனவே ஒரு செயலாளர் இலக்கம் மட்டும் எழுதிய பட்டியல் தந்தார். நூரும் நானும் ஒரு சின்ன அறையில் ஒலிபெருக்கியைப் போட்டுக்கொண்டு இருந்து தொலைபேசி எடுத்தோம். நூர் அரபியில் கேட்டு எனக்கு ஜேர்மனில் சொல்வார்; பிள்ளையின் உடல்நிலை பற்றி ஒன்றும் கேட்பதில்லை.

முதல் நாள் படுதோல்வி. ஒரு தகப்பன், “இதை ஏன் கேக்கிறீங்கள்? எங்களைத் திருப்பி அனுப்பவோ?” என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார். இரண்டு தாய்மார் எடுத்த எடுப்பிலேயே ‘இல்லை’ என்றார்கள். அந்த வேகத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

நான் பேராசிரியையிடம் போனேன். கேள்விக்கு முன் மூன்று வசனம் சேர்க்க அனுமதி கேட்டேன்: இந்தப் பதில் எந்த அலுவலகத்துக்கும் போகாது. சொந்தத்துக்குள் கட்டுவது பல ஊர்களில் வழக்கம். உங்களிடம் கேட்பவர்களில் ஒருத்தியும் மாமாவின் மகனைத்தான் கட்டியிருக்கிறாள்.

“கேக்கிறவர் தன்ர கதையைச் சொன்னால் பதில் சாயாதோ?”

“இப்பவே சாய்ஞ்சுதான் கிடக்கு. நான் நிமித்தப் பாக்கிறன். ரெண்டு பக்கத்தாருக்கும் அதே மூண்டு வசனத்தைத்தான் சொல்லுவம்.”

யோசித்தார். கையெழுத்து வைத்தார். முதல் நாள் பேசியவர்களையும் சேர்த்து எல்லாரையும் புதிதாகக் கேட்கும்படி சொன்னார்.

அடுத்த நாளிலிருந்து அந்த அறை கலியாண வீடாகிவிட்டது. நூர் மூன்றாம் வசனத்தைச் சொல்லி முடித்ததும் மறுமுனையில் முதலில் ‘உண்மையோ?’ என்று ஒரு கேள்வி வரும். பிறகு ஒரு சிரிப்பு. “மாமான்ர மகனோ? நாங்கள் பெரியப்பான்ர மகன்.” ஒரு தாய் தன் கலியாணத்தில் எத்தனை ஆடு அறுத்தார்கள் என்றுவரை சொன்னார். “அந்த அக்கான்ர மச்சான் சமைப்பாரோ எண்டு கேளுங்கோ,” என்றார் இன்னொருவர். சமைப்பார், உப்புத்தான் கூட என்று சொல்லச் சொன்னேன். முதல் நாள் வைத்துவிட்ட தகப்பன் தானே திரும்ப எடுத்தார். மனைவி திட்டியிருப்பார் என்று நினைக்கிறேன். ‘இல்லை’ என்றவர்களும் இருந்தார்கள். அவர்கள் நிதானமாகச் சொன்னார்கள், நாங்களும் அப்படியே எழுதினோம்.

ஆறாம் வாரம் வெள்ளிக்கிழமை கார்த்திக் என்னைக் கூப்பிட்டார். “அக்கா, வந்து பாருங்க.”

திரையில் இரண்டு பக்கத்து ‘ஆம்’களுக்கும் இரண்டு தூண்கள். முன்பு ஒன்று மாடி வீடு, மற்றது மண்வீடு மாதிரி நின்றவை. இப்போது கிட்டத்தட்ட ஒரே உயரம். மிஞ்சிய வித்தியாசம் தற்செயலாகவே வரக்கூடியது என்றார் கார்த்திக். பேராசிரியை கணக்கை மறுபடி ஓட்டச் சொன்னார். அதேதான் வந்தது.

“எங்கட முடிவு போச்சு,” என்றார் பேராசிரியை. பிறகு முகம் முழுக்கச் சிரித்தார். இருபது வருடத்தில் அப்படிச் சிரித்து நான் கண்டதில்லை. “கட்டுரையில உங்கட பெயரும் வருது. மறுக்க ஏலாது.”

நான் மறுக்கிற எண்ணத்தில் இருக்கவேயில்லை. தரை துடைத்த கட்டிடத்திலிருந்து போகும் கட்டுரையில் என் பெயர். நடைபாதையில் யாரும் இல்லாத நேரம் பார்த்து ஒருமுறை துள்ளினேன். அறுபத்தொரு வயதில் முழங்கால் வலிக்குமென்று தெரிந்துதான் துள்ளினேன்.

7. தெரியாது

இரண்டாவது பெற்றோர் கூட்டம் காலாண்டு முடிய மூன்று நாள் இருக்கும்போது வைத்தோம். சமீராவுக்கு நானே தொலைபேசி எடுத்தேன்.

“பயிற்சியைப் பற்றி ஒண்டும் கேக்க மாட்டன். கூட்டத்துக்கு மட்டும் வாங்கோ.”

கணவரோடு வந்து பின்வரிசையில் இருந்தார். யாமென் மடியில்.

பேராசிரியை எழுந்து சுற்றிவளைக்காமல் சொன்னார். “போன முறை இந்த இடத்தில நிண்டு நான் சொன்னது பிழை. நாங்கள் உங்களில சிலரை ஒருவிதமாகவும் மற்றவையை இன்னொருவிதமாகவும் கேட்டம். சரியாக் கேட்டுப் பார்த்தால், சொந்தத்துக்குள்ள கட்டினதுக்கும் உங்கட பிள்ளையளின்ர ஓட்டிசத்துக்கும் எங்கட தரவில தொடர்பு தெரியேல்லை. வேற சில பரம்பரை நோயளுக்குத் தொடர்பு இருக்கு. அதுக்கு டொக்டரிட்டக் கேளுங்கோ. இதுக்கு நாங்கள் உங்களைக் குற்றம் சொன்னது பிழை. மன்னிக்கவேணும்.”

நூர் அரபியில் சொன்னார். சொல்லி முடிக்கு முன்பே ஒரு தாய் அழத் தொடங்கிவிட்டார். ஒரு தகப்பன் பக்கத்தில் இருந்த தன் மாமியாரைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை.

சமீரா எழுந்தார். “அப்ப காரணம் என்ன?”

பேராசிரியை மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“தெரியாது,” என்றார். “வாய்ப்பைக் கூட்டுற சிலதைத் தெரியும். உங்கட மகனுக்கு ஏன் எண்டு தெரியாது.”

படித்தவர்கள் அந்தச் சொல்லைச் சொல்ல எவ்வளவு கூசுவார்கள் என்று அத்தனை வருடம் அருகில் இருந்து பார்த்தவள் நான். ஒழுங்காகக் கேட்டுப் பார்த்தவர்களால்தான் அதைக் கூசாமல் சொல்ல முடியும். இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது அவ்வளவுதான். பதிலைச் சந்தேகிக்க முன் கேட்ட விதத்தைச் சந்தேகியுங்கள். அந்தக் கேள்வியை ஓர் அந்நியர் ஜன்னல் உறையில் அனுப்பினால் நீங்கள் உண்மையை எழுதுவீர்களா என்று உங்களையே கேளுங்கள்.

கூட்டம் கலைந்தபோது சமீரா என் மேசைக்கு வந்தார். கணவர் பின்னால் நின்றார். யாமென் என் மேசையில் இருந்த, கடதாசிகளைச் சேர்த்துக் குத்தும் குத்தூசி இயந்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“இரத்தத்தில இருக்கெண்டு தெரிஞ்சால் கையைக் கட்டிக்கொண்டு இருக்கலாம்,” என்றார் சமீரா. “தெரியாதெண்டால் சும்மா இருக்க ஏலாது. வியாழக்கிழமை வரலாமோ?”

“பத்து மணிக்கு வாங்கோ,” என்றேன்.

யாமென் கையை நீட்டினான். “தா,” என்றான்.

குத்தூசிகளை வெளியே எடுத்துவிட்டு இயந்திரத்தை அவன் கையில் கொடுத்தேன்.